முதுகை மட்டும் கேட்ட டாக்கி

"...அப்போ, தாண்டும்போது என் முதுகு, களவாங்கும்போது என் மூஞ்சி. அப்படித்தானே மொதலாளி?"

மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவார ஓடைக்கரையில், தன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே பாய் கேட்டார். கேட்டது டாக்கிக் கம்பெனி டைரக்டரை. யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். டைரக்டர் குடைக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். எனக்கும் படத்தில் ஒரு துக்கடா வேஷம் கொடுத்திருந்ததால் நானும் பக்கத்தில் நின்றேன்.

பாய் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் ஜட்கா ஓட்டுகிறவர். ஊர்களில் பங்குனி, சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் எங்கள் ராஜபாளையம் நாடக செட்டுக்கு அவர்தான் ராஜபார்ட். நான் பஞ்சுமில் கூலி; செட்டில் பபூன். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே அவர் வண்டியில் ஏறலாம். "ஏன் மாமு, குதிரைக்கு இம்புட்டுக் கொள்ளு வைக்கீரு?" என்று ஒரு தடவை கேட்டேன். "நானா வைக்கேன்? இவதான் மாப்ள எனக்குச் சோறு போடுதா" என்றார்.

எங்கள் நாடக வாத்தியார் எழுதிய நாடகம் ஒன்று கூமாப்பட்டி முதல் தளவாய்புரம் வரை ஜனங்களைக் கட்டிப்போட்டிருந்தது. வெள்ளத்தில் ஓர் ஊர் துண்டாகிப்போகிறது, உள்ளே காலரா. குதிரைக்கார ராவுத்தர் ஒருவர் மலைக்கு மலை குதிரையோடு தாண்டி மருந்து கொண்டுவந்து ஊரைக் காப்பாற்றுகிறார். வெட்டினால் வெட்டுப்படாத, நெருப்பு சுடாத ஆள். அந்த வேஷத்தில் பாய் இடுப்பில் பொய்க்கால் குதிரையைக் கட்டிக்கொண்டு ஒரு மாட்டுவண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குத் தாவுவார். அழுகிற பிள்ளைகூட அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும்.

பயந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் பள்ளிவாசல் முன்னால் நின்று, தொழுதுவிட்டு வருகிறவர்களை ஓதி ஊதச் சொல்வது எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். எல்லாச் சாதிப் பெண்களும் நிற்பார்கள். நாடகம் முடிந்தால் அதே பெண்கள் வேஷக் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள்.

"ராவுத்தரே, பிள்ளைக்கு ஊதிவிடும்."

"இது அரிதாரம் தாயி. நான் ஜட்காக்காரன். பள்ளிவாசலுக்குப் போங்க."

"மலையவே தாண்டுனீரு, இந்தக் காச்சலத் தாண்டமாட்டீராக்கும்?"

வேறு வழியில்லாமல் பாய் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, தெரிந்ததை ஓதி ஊதுவார். ஜமாத் பெரியவர் ஒருவருக்கு இதெல்லாம் ஆகாது. 'கூத்தாடி' என்று பாயின் முகத்துக்கு நேரே சொன்னவர். டாக்கிக் கம்பெனி எங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டு, கதையும் வேண்டும், பாயும் வேண்டும் என்று கேட்டபோது அவரே தேரடிக்கு வந்து ஜட்கா பக்கத்தில் நின்றார்.

"டாக்கில நம்மாளு வந்தா ஒண்ணு அத்தர் விப்பான், இல்லேன்னா கத்தியத் தூக்குவான். ஒருத்தனாவது நாலு பேரக் காப்பாத்துறவனா வரட்டும். போயிட்டு வாலே."

பாய் அன்றைக்கு என்னைக் கிளப்புக்குக் கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தார். "அவிய வாயில அது வந்துச்சுல்லா மாப்ள, அது போதும்" என்றார்.

ஓடைக்கரைக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. மலை தாண்டுகிறவன் இப்போது ஓர் இளவரசன். அந்த வேஷத்துக்கு மதராஸிலிருந்து ஒரு நடிகர் வந்திருந்தார். காரை விட்டு இறங்கவில்லை. கதையில் ராவுத்தரும் இருந்தார், மருந்தைத் திருடுகிறவராக. நடிகருக்குக் குதிரை என்றால் பயம். அதனால் ஓடையைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் பாய் இளவரசன் உடுப்பைப் போட்டு முதுகைக் காட்ட வேண்டும். அது முடிந்ததும் உடுப்பை மாற்றித் திருடன்.

பாய்க்குக் கத்தரித்த சின்னத் தாடி உண்டு. மேக்கப்காரர் அதன்மேல் நெஞ்சு வரைக்கும் தொங்கும் பொய்த்தாடி ஒன்றை வைத்துப் பார்த்தார்.

"நெசத் தாடி பத்தலையாக்கும்?" என்றேன்.

"துலுக்கன்னு தெரியணுமில்ல?" என்றார் அவர், வெகு சாதாரணமாக.

பாய் அப்போதுகூடச் சிரித்தார். டைரக்டரிடம் போய் நின்றபோதுதான் சிரிப்பு போயிற்று. டைரக்டர் கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் கொடுமை.

"கோவிச்சுக்கப்படாது பாய். உங்க ஊர்ல உங்களைக் கொண்டாடுவா. வெளியூர் ஜனம், தங்களைக் காப்பாத்தறவன் தங்களாட்டம் இருக்கணும்னு நினைக்கும். திருடன்னா, பார்த்த உடனே நம்பணும்."

"என்னையப் பாத்தா ஒடனே நம்புவாகளா?"

"வேஷத்தைச் சொல்றேன்."

அதற்கப்புறம்தான் பாய் முதுகையும் மூஞ்சியையும் பற்றிக் கேட்டது.

அடுத்த வருஷம் அந்தப் படம் ராஜபாளையம் டெண்ட் கொட்டகைக்கு வந்தது. மணலில் உட்கார்ந்து பார்த்தேன். ஓடையைத் தாண்டுகிற இடத்தில் கொட்டகையே விசிலடித்தது, இளவரசனுக்கு. திருடனாக வேறு யாரோ, அந்த நீளத் தாடியோடு வந்தான். என் பக்கத்தில் தளவாய்புரத்து அம்மா ஒருத்தி. பாயிடம் தன் பிள்ளைக்கு ஊதி வாங்கினவள். "பாவிப் பய, பச்சப்பிள்ளைக மருந்தயா களவாங்குவான்!" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஏம்மா, நம்ம ராவுத்தர் மருந்து கொண்டாந்தவருல்லா?" என்றேன்.

"அது நாடகம்யா. இது படம்லா" என்றாள்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு நாடகம் பேச வந்த ஊர்க்காரர்களெல்லாம் படத்துக் கதையைத்தான் போடச் சொன்னார்கள். வாத்தியார் மாற்றி எழுதினார். ராஜபார்ட்டுக்கு வேறு ஆள் வந்தார். திருடன் வேஷம் இருக்கிறது, வருவாரா என்று கேட்டுவர வாத்தியார் என்னைத் தேரடிக்கு அனுப்பினார். நான் போய்க் குதிரையைத் தடவிக்கொண்டு நின்றேன். பாய் கடிவாளத்தை எடுத்தார். "நீ எதுக்கு வந்தேன்னு தெரியுது. ஏறு மாப்ள, பஸ் நிக்கிற எடத்துல விடுதேன்."

போகிற வழியில் சின்னப் பயல்கள் "மருந்துத் திருடன் வாரான்!" என்று ஜட்காவுக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். அவர் போடாத வேஷம் அது. பாய் திரும்பவில்லை. பள்ளிவாசல் பக்கம் ஜமாத் பெரியவர் எதிரே வந்தார். வண்டியைப் பார்த்ததும் தெருவின் அந்த ஓரத்துக்குப் போய்விட்டார். அவர் கூத்தாடி என்று திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

ஓடைக்கரையில் அன்றைக்குப் பாய் அப்படிக் கேட்டதும் டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். காமிராக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பாய் இளவரசன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு குதிரை மேல் ஏறினார். சொன்னபடியே முதுகைக் காட்டி, ஓடையை ஒரே தாவில் தாண்டினார். "பேஷ்! போதும், திரும்புங்கோ!" என்று டைரக்டர் கத்தினார். மேக்கப்காரர் பொய்த்தாடியை உதறிக்கொண்டு தயாராக நின்றார். அக்கரையில் பாய் கடிவாளத்தை இழுக்கவில்லை. அந்த ஜரிகை உடுப்போடேயே, வேலிமரங்களுக்கு நடுவில் புகுந்து, ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்க்கப் போய்விட்டார்.