வெள்ளை டப்பாவில் சேராத ஊசி

எங்கள் வார்டில் அவளுக்கு மஞ்சப்பை என்றுதான் பெயர். கட்டு, பஞ்சு, ரத்தம் பட்ட துணி எல்லாம் மஞ்சள் பையில் போகும். அதைக் கட்டித் தூக்கிப்போவது அவள் வேலை. "எங்க ஊர்வலம்?" என்று கேலி செய்தால், "அடுத்தது உன்னைத்தான் இதுல கட்டப் போறேன்" என்பாள். வாய் அப்படி. ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு பை கிழிய விட்டதில்லை.

தலைமை நர்ஸ் மேல் அவளுக்கு உயிர். அக்கா, அக்கா என்று கால் தேய நடப்பாள். ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முதல் நாள் அந்த மகராசி பயிற்சிப் பதிவேட்டை நீட்டி, "கையெழுத்து போடு தங்கச்சி, சும்மா பேருக்குத்தான்" என்பாள். நாங்களும்தான் போட்டோம். பயிற்சி எந்த அறையில் நடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. கெட்டி கையுறையும் அப்படித்தான், ஏட்டில் மட்டும் உண்டு.

போன செவ்வாய் காலை பையைத் தூக்கினவள் "ஐயோ" என்று கையை உதறினாள். உள்ளங்கையில் ஊசி. கையில் கிடந்த மெல்லிய ரப்பர் உறை அதற்கு எம்மாத்திரம்? ஊசி வெள்ளை டப்பாவில்தான் போக வேண்டும். டப்பா நிறைந்திருந்ததால் யாரோ பையில் போட்டிருக்கிறார்கள்.

முப்பது படுக்கை. யார் ரத்தமோ? எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை உடனே தொடங்க வேண்டும். அதற்கு விபத்துப் படிவத்தில் தலைமை நர்ஸின் கையெழுத்து வேண்டும். கட்டுப் போடும் நான்தான் கூட்டிப்போனேன். "பிள்ளைக்கு இன்னும் பால் குடுக்கறேனே" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

அக்கா பதிவேட்டைத் திறந்தாள். "பதினோரு கையெழுத்து இருக்கு. பயிற்சி எடுத்தும் கெட்டி கையுறை போடாதது என் தப்புன்னு எழுதிக் குடு. நான் படிவத்துல போட்டுடறேன்."

"நீங்கதானேக்கா சும்மா பேருக்குன்னு..."

"நேரம் போகுது பாரு."

எழுதினாள். அது பொய் என்று நானாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் கையெழுத்தும் அதே ஏட்டில் கிடக்கிறது.

படிவத்தில் கையெழுத்து விழுந்து, அவள் எழுதிக் கொடுத்த காகிதம் இழுப்பறைக்குள் போனதும் அக்காவின் குரல் குழைந்தது. "பயப்படாத. ஆறாம் படுக்கைக்காரருக்கு ஒரு தொத்து நோயும் இல்ல. அவர் ரத்தப் பரிசோதனையை நானே பார்த்துட்டேன்."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அவளுக்கு ஆகவில்லை.

"ஆறாம் படுக்கை ஊசின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா குனிந்து இழுப்பறையைப் பூட்டினாள்.

"டப்பா நிறைஞ்சிடுச்சுன்னு ஒரு குரல் குடுத்திருந்தா, நானே ஓடிவந்து மாத்தியிருப்பேனேக்கா" என்றாள் மஞ்சப்பை.