பொய்வலி

நிறைமாதமாக இருக்கும் தங்கையைப் பார்க்கக் கிள்ளான் நகருக்குச் சென்றேன். அவள் மாமியார் சீரகம் வறுத்த வாசனை, என்னைக் காப்பார் ஊரில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்கு இழுத்துச் சென்றது.

அன்று நிறைமாதமாக இருந்த அம்மாவுக்கு இடுப்பு வலி, கைலி நனைந்திருந்தது.

"சூட்டு வலிதான்லா. சீரகத் தண்ணி குடி. நின்னுட்டா பொய்வலி," என்றார் பெரியம்மா.

"கைலி நனையுதேக்கா?"

"நிறைமாசத்துல யாரால ஒண்ணுக்கு அடக்க முடியும்?" என்று சிரித்தார்.

வலி நின்றது. வீடே நிம்மதியடைந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். பனிக்குடம் எப்போதோ உடைந்துவிட்டது என்று அங்கே சொன்னார்கள். தம்பி உயிரின்றிப் பிறந்தான். பெரியம்மாவை யாரும் குறைகூறவில்லை. அவருடைய சீரகத் தண்ணீர்ச் சோதனையையும் யாரும் கைவிடவில்லை.

தங்கையிடம் சொன்னேன்: "தண்ணி போனா, வலி இல்லாட்டியும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

"முந்தாநாளே போச்சுக்கா. அத்தை குடுத்ததைக் குடிச்சேன், வலி நின்னுருச்சு. இப்ப பிள்ளையும் அசையாமத் தூங்குது."