இரண்டு அரையும் ஒரு மிச்சாமியும்

படகுத்துறையில் தலை எண்ணுகிறவளுக்கு ஒரே கணக்குதான்: போனவர்கள் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர். இதற்கு ஏன் தினமும் இத்தனை பயம் என்று கேட்காதீர்கள். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்கிற ஆளாக நீங்கள் இருந்தால் உங்களுக்கே புரியும்.

நோணாங்குப்பத்தைத் தாண்டி ஆற்றோரம் எங்கள் துறை. சின்னது, ஒரே படகு. எதிரே மணல்திட்டில் ஆட்களை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, அதே ஆட்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும். திட்டுக்கு வேறு வழி கிடையாது. அங்கே தவறி நின்றுவிடுகிறவருக்குப் படகோட்டி ஞானம் வைத்திருக்கும் பெயர் 'மிச்சாமி'. வகுத்தலில் மிச்சம் வருமே, அது ஆளாகி மணலில் நிற்கிறது என்று அர்த்தமாம். எனக்கு வகுத்தல் என்றாலே ஆகாது. ஐந்தாம் வகுப்பில் அது வந்தது, நான் நின்றுவிட்டேன். அப்படிப்பட்டவள் கையில் சாக்பீஸையும் பலகையையும் கொடுத்திருக்கிறார்கள்.

அரை

மடியில் உட்காருகிற குழந்தைக்குத் தனி இடம் வேண்டாம், ஆனால் கனம் உண்டு. அதனால் எங்கள் பலகையில் அது அரை. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்று போடுவேன். ஒற்றை அரை வந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. இறங்கும்போதும் அதே மாதிரிதான் எண்ண வேண்டும்.

சேதராப்பட்டிலிருந்து வந்த ஒரு பெண் நான் புள்ளி வைப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தபடியே சொன்னேன். அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, செல்போனில் மூழ்கியிருந்த கணவனைக் காட்டினாள். "இத அரைன்னே போட்டுக்கோங்க. அத மட்டும் காலுன்னு போடுங்க."

ஏழும் தம்பியும்

ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு எண் இருக்கிறதே, அதை எங்கள் துறையில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் படகு நடுவில் நின்றுவிடும் என்பது ஞானத்தின் கட்சி. 'ஏழும் தம்பியும்' என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் நானும் சிரித்தேன். மேகம் கறுத்திருந்த ஒரு நாள், லாஸ்பேட்டை காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். அவசரத்தில் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். நடு ஆற்றில் மோட்டார் நின்றது.

டீசல் குழாயில் அடைப்பு, வேறொன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் ஞானம் சரிசெய்துவிட்டார். அந்தப் பத்து நிமிடமும் நான் கரையில் கைகூப்பிக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதுகூட அந்த எண்ணை எழுத மாட்டேன், பாருங்கள். பிள்ளைகள் திரும்பி வந்ததும், "ஏழும் தம்பியும் சரி!" என்று கத்தினேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்று என்னை உற்றுப் பார்த்தாள். "ஆன்ட்டி, நான் மேத்ஸ்தான் படிக்கிறேன். இந்த நம்பர் எங்களுக்கு இன்னும் நடத்தல."

தலைப்பெருக்கல்

எண்ணிய தலையையே மறுபடி எண்ணுவதற்குத் 'தலைப்பெருக்கல்' என்று பெயர். செல்ஃபி வந்த பிறகு இது பெருகிவிட்டது. இறங்கியவர்கள் படம் எடுக்கத் திரும்ப ஏறி, திரும்ப இறங்குவார்கள். ஒரு நாள் இருபத்திரண்டு பேர் போய் இருபத்தைந்து பேர் வந்தார்கள். பலகையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆள் கூடினால் என்ன பயம் என்பீர்கள். கூட்டி எண்ணுகிறவள் ஒரு நாள் குறைத்தும் எண்ணிவிடுவாள் அல்லவா?

அன்றிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத்தான் எண்ணுகிறேன். ஞானத்துக்கு மட்டும் அன்றைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வுடுக்கா, மூணு பேரு நீந்தி வந்து ஏறியிருப்பாங்க."

பொய்ச்சரி

எங்கள் துறை வார்த்தைகளில் இந்தக் கடைசி வார்த்தை என்னுடையது. போன மாதம் நானே உண்டாக்கினேன்.

சாயங்காலம் கடைசி நடை. பெரியவர்கள் பதினெட்டு பேர். அப்பா தோளில் ஒன்றும் அம்மா தோளில் ஒன்றுமாகத் தூங்கிக்கொண்டிருந்த இரட்டைக் குழந்தைகள். இரண்டு அரை ஒன்று, ஆக மொத்தம் பத்தொன்பது. திரும்பி வந்ததும் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பத்தொன்பது. பலகையைத் துடைத்துவிட்டேன்.

கேட்டுக்குப் போகும் வழியில் அந்த இரட்டையர் அம்மாவுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். போகும்போது தூக்கத்தில் மடியில் போனவை, வரும்போது விழித்துக்கொண்டு தங்கள் காலால் இறங்கியிருக்கின்றன. ஒன்றாக அனுப்பியதை இரண்டாகத் தொட்டிருக்கிறேன். அப்படியானால் பெரியவர்கள் பதினேழு பேர்தான் வந்திருக்கிறார்கள். ஒருவர் அங்கேயே.

லைஃப் ஜாக்கெட்டை எண்ணலாம் என்றால், அவை படகிலேயே கிடப்பவை. யார் எதை மாட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஞானம் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கணக்கு சரின்னுதானக்கா சொன்ன?"

"சரியா வந்துச்சே, அதான் பயமா இருக்கு. கயித்த அவுரு."

என் முகத்தைப் பார்த்தவர் கயிற்றை அவிழ்த்தார். தண்ணீருக்குப் பயந்து நான்கு வருடமாகக் கால் வைக்காத படகில் நான் ஏறினேன். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. போகும் வழியெல்லாம் எங்கள் இரண்டு பேரையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

திட்டில் யாரும் இல்லை. காலையில் ஆட்கள் நடந்த மணலில் பாதியைத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது. ஞானம் கூப்பிட்டார். கீற்றுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இன் செய்த சட்டை, ஒரு கையில் ஷூ. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவராம். தனியாக வந்தவர், நிழலில் கண்ணயர்ந்துவிட்டார். போன் இல்லை. தேட ஆளும் இல்லை.

அவர் ஏறியதும் தோளைத் தொட்டேன். தொட்ட கையை எடுக்க முடியாமல், "மன்னிச்சுக்கோங்கய்யா, எண்ணிட்டுத்தான் விட்டேன்" என்றேன். அவர் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நானும் எண்ணிப் பாத்தேன் மதாம். இங்க ஒரு ஆளு அதிகமா இருந்தான்."

இப்போதெல்லாம் கணக்கு தப்பாக வந்தால் ஒரு முறை எண்ணுகிறேன், சரியாக வந்துவிட்டால்தான் மூன்று முறை எண்ணுகிறேன்.