நாற்பது வயதான பேய்

தாராவியில் தோல் பை தைக்கிற சுயம்பு ஆள் நல்ல உயரம். பட்டறை வாசலில் குனிந்துதான் நுழைவார். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் வாலிபத்தில் அவரை ஓர் இந்திப் பேய்ப்படத்தில் பேயாக நடிக்க இழுத்துப் போனார்கள். தலையோடு மாட்டுகிற ரப்பர் முகமூடி. படத்தில் அவர் முகமும் கிடையாது, பேரும் கிடையாது. படம் வந்தபோது மனைவி முருகம்மாள் முழுகாமல் இருந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு பேயைப் பார்க்கமாட்டேன் என்றுவிட்டாள். அப்புறம் பார்க்க வாய்க்கவே இல்லை.

இப்போது படத்துக்கு நாற்பது வருஷம். மாட்டுங்காவில் சில இளவட்டங்கள் உண்டு. எந்தப் பழைய பேய்ப்படத்துக்கு முப்பது வருஷம், எதற்கு நாற்பது என்று தேடிப்பிடித்து, ஹால் எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள். அதில் ஒருவன் நகுல். விசாரித்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டான்.

"அந்தப் பேய் நீங்கதானே அங்கிள்? அவசியம் வரணும். ஆன்ட்டியையும் அழைச்சுண்டு வாங்கோ."

சுயம்பு சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, முருகம்மாளையும் கூட்டிக்கொண்டு போனார். ஹால் நிறைந்திருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேய் எழுந்து மெதுவாக நடந்து வந்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஜல்தி சல், பாய்!" என்று பேயைச் சீக்கிரம் நடக்கச் சொல்லி ஒருத்தன் கத்தினான். விசில் பறந்தது.

சுயம்புவுக்கு முகம் செத்துப்போயிற்று. அந்தக் காலத்தில் குர்லா தியேட்டரில் இதே இடத்தில் ஜனம் அலறியதைக் கடைசி வரிசையில் நின்று கண்ணால் பார்த்தவர் அவர். இதற்கா அழைத்தார்கள்? எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது கையில் நகம் பதிந்தது. முருகம்மாள் கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

"போயிட்டானா?"

"யாரு?"

"கெணத்துல இருந்து வந்தானே, அந்தப் பாவி."

"ஏட்டி, அது நாந்தாம்ட்டி."

"தெரியும். தெரிஞ்சா பயம் போயிருமா? கைய எடுத்துராதிய."

அவர் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் யார் சிரித்தாலும் காதில் விழவில்லை. பேய் வரும்போதெல்லாம் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து மேடையேற்றினார்கள். "அந்த மெதுவான நடையை எப்படிப் பிடிச்சேள்?" என்று நகுல் கேட்டான்.

"முகமூடியில கண்ணு தெரியல. விழுந்துருவேம்னு பயந்து நடந்தேன்," என்றார் சுயம்பு. அதையே இந்தியிலும் சொன்னார். மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

தாராவிக்கு நடந்தே திரும்பினார்கள். கொஞ்ச தூரத்தில் முருகம்மாள் நின்றுவிட்டாள்.

"என்னட்டி?"

"உங்க பின்னால வந்தா அவன் நடக்கமாதிரியே இருக்கு."

"அப்போ முன்னால போ."

"முன்னால போனா அவன் பின்னாலல்லா வருவான்!"

யோசித்துப் பார்த்துவிட்டு அவள் அவர் பக்கத்தில் வந்து கையைக் கோத்துக்கொண்டாள். தெருவில் அவள் அப்படி நடந்ததே இல்லை. எதிரே வந்த பட்டறைக்காரர்கள் பார்த்தார்கள். சுயம்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகவே நடந்தார்.