ஊதோங் குருவியின் தாடை

மனைவி இறந்துபோன பிறகு பீஜிங் சந்தில் ஹுவோ கிழவருக்குப் பேச்சுத்துணையாக இருந்தது ஒரு ஊதோங் குருவிதான். இலையுதிர் காலத்தில் பிடித்து, மேலே வீசிய சின்ன எலும்பு உருண்டையைப் பறந்து கவ்வப் பழக்கி, வசந்தம் வந்ததும் வடக்கே பறக்கவிடுவது அந்தச் சந்துக்காரர்களின் வழக்கம். எந்தக் கொட்டையையும் நொறுக்கும் அலகு அதற்கு.

ஹுவோ செய்த கூத்தைக் கேளுங்கள். குளிர்காலம் முழுக்க விதைகளை உடைத்து, பருப்பை மட்டும் தன் உதட்டில் வைத்து ஊட்டினார். செல்லமாம்!

வசந்தம் பிறந்ததும் பக்கத்து வீட்டுத் தெங் வந்து குருவியைக் கூர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, கன்னம் ரெண்டும் ஒட்டிப்போய்க் கெடக்கு? ஊட்டி ஊட்டித் தாடையில சதையே இல்லாம பண்ணிட்டீங்களே."

"பல்லு போன கெழவன் வளர்த்தா வேற எப்படி இருக்கும்?"

"கிண்டல விடுங்க. இத இப்பத் தொறந்துவிட்டா முழு விதைய ஒடைக்க முடியாமப் பட்டினியில செத்துரும்."

ஹுவோவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. செத்துவிடும் என்றால் அனுப்ப வேண்டாமே, கூடவே இருக்கட்டுமே!

ஆனால் மற்றவர்களின் குருவிகள் கூரைக்கு மேலே கத்திக்கொண்டு போனபோது, இது காலில் கட்டிய நூலை இழுத்து இழுத்துத் துடித்தது. அவரால் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாளே ஊட்டுவதை நிறுத்தினார். முதலில் லேசாகக் கீறிய சணல் விதை, பிறகு முழு விதை, அதன் பிறகு கொட்டை. குருவி தோளில் ஏறி அவர் உதட்டைக் கொத்திக் கெஞ்சியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை கொடுக்கக் கொடுக்கத் தாடையில் சதை பிடித்து, கன்னம் புடைத்தது. சந்தில் எல்லாக் குருவிகளும் போய்விட்ட பிறகு, ஒரு காலையில் கொட்டை படீரென்று உடையும் சத்தம் கேட்டது.

நூலை அவிழ்த்தார். குருவி கூரைவரை பறந்து, பழக்கதோஷத்தில் அவர் கைக்கே திரும்பியது. கை வெறுமையாக இருந்தது. வாயையும் இறுக மூடிக்கொண்டார். விரலிடுக்கெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, ஆத்திரத்தில் விரலைக் கடித்தது. ரத்தம் வந்தது. அப்புறம் போனதுதான், திரும்பவில்லை.

தெங் வந்து விரலைப் பார்த்தார். "ரொம்ப வலிக்குதாண்ணே?"

"வலி இருக்கட்டும். அது விட்டுட்டுப் போன தடம் இது ஒண்ணுதான். நாலு நாளுல இதுவும் ஆறிரும், தெங். அதான் கவலையா இருக்கு."