ஆறாம் வகுப்புத் துடைப்பம்

பதினொரு வருஷமாக ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளியைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள் இருசம்மாள். பாலக்கரையிலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸில் வந்தால் பதினெட்டு வகுப்பறை, நாலு கழிப்பறை. இடுப்பு வலிக்கிறதா என்று அந்தக் கட்டடத்தில் ஒருவர் கேட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எல்லோருக்கும் அவள் ஆயா.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் ஜாஹ்னவி வந்து சேர்ந்தாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜப்பானில். அப்பா மதுசூதன் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பியிருந்தார். பிள்ளைக்கு இங்கே எதுவும் பிடிபடவில்லை. ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குள் போவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். தமிழ் பேச வரும், எழுத வராது. மணி அடித்ததும் எல்லோரும் வேன் பிடிக்க ஓடினால், இவள் மட்டும் குனிந்து பென்சில் சீவலைப் பொறுக்குவாள்.

முதல் வாரமே இருசம்மாள் எதிரில் வந்து நின்றாள். "மாமி, நான் பெருக்கட்டுமா?"

அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பெரிய பெண்களை மாமி என்றுதான் கூப்பிடும். இருசம்மாளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு மனசு என்னவோ செய்தது. டீச்சர் திட்டுவாங்க, வேண்டாம் கண்ணு என்று சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கேட்டால்தானே. அங்கே தினமும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துதான் வகுப்பைச் சுத்தம் செய்வார்களாம், பாடம் மாதிரியாம். சொல்லிக்கொண்டே துடைப்பத்தை எடுத்துவிட்டாள். மூலை முடுக்கு விடாமல் நன்றாகவே பெருக்கினாள்.

நாலாம் நாள் வேறொரு பிள்ளையின் அம்மா அதை ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். யார் வீட்டுக் குழந்தை கையில் எதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஊரே கொதித்தது. பதினொரு வருஷமாக அதே துடைப்பம் ஒருத்தி கையில் இருந்தபோது இவர்களில் ஒருவருக்கும் ரத்தம் கொதிக்கவில்லை.

தலைமையாசிரியை அறையில் ஒரு தாள் தயாராக இருந்தது. சோம்பல்பட்டு மாணவியைப் பெருக்க வைத்தேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே என்றார்கள். ஜாஹ்னவியும் அவள் அம்மா அம்ருதாவும் அங்கேதான் இருந்தார்கள்.

"நானாத்தான் பெருக்கினேன்," என்றாள் பிள்ளை. "அங்க எல்லாரும் பெருக்குவோம். அம்மா, நான் தரை துடைக்கறதை நீதானே போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினே?"

அம்ருதா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். அது ஜப்பான், இங்கே நமக்கென்று ஒரு முறை இருக்கிறது என்று தலைமையாசிரியை பிள்ளைக்கு எடுத்துச் சொன்னார்.

இருசம்மாள் தாளைத் தள்ளி வைத்தாள். "செய்யாததைச் செஞ்சேன்னு எழுதித் தர மாட்டேன் மேடம். புள்ள சொன்னது உங்க காதுலயும் விழுந்துச்சு. வேலை இல்லைன்னா சொல்லிடுங்க, போயிட்டு வரேன்."

வேலை போகவில்லை. நியாயம் ஜெயித்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுவாரம் அதிகாரிகள் பள்ளியைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்குள் அந்த நாலு கழிப்பறையைக் கழுவ வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். துடைப்பங்களை மட்டும் அறையில் பூட்டி வைக்கச் சொன்னார்கள்.

அரைப்பரீட்சை வருவதற்குள் ஜாஹ்னவி ஷூ காலோடு வகுப்புக்குள் போனாள். மணி அடித்ததும் ஓடினாள். பிள்ளை நன்றாகப் பழகிவிட்டாள் என்று பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் பாராட்டினாராம்.

ஒரு சாயங்காலம் வேன் வரத் தாமதமானது. ஜாஹ்னவி தோழியோடு வகுப்பில் உட்கார்ந்து வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். இருசம்மாள் பெருக்கிக்கொண்டே அந்த பெஞ்சுக்கு வந்தாள். பிள்ளை பேச்சை நிறுத்தாமல் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டாள்.

"ஆயா, இந்தப் பக்கமும் இருக்கு," என்றாள்.

தாளை நீட்டிய அன்றைக்குக்கூட இருசம்மாளுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அது பிள்ளை மேல் வந்த கோபமும் இல்லை. அந்தப் பக்கத்தையும் பெருக்கிவிட்டு வெளியே வந்தாள்.