காந்தாவின் ஆகாத மாதங்கள்

காந்தா காலண்டருக்கு நேர் எதிராகத்தான் உட்காருவார். வீட்டு ஓனர் சோபாவைக் காட்டினாலும் ஒரு நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொள்வார். தண்ணீர் வரும்வரை மின்விசிறியைப் பார்ப்பார். குடித்து முடித்ததும் கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்து, "அய்யய்யோ, ஆஷாடம் பொறந்துடுச்சா சார்?" என்பார். ஆஷாடம் பிறக்கப்போவது அவருக்குப் போன மாதமே தெரியும்.

பெங்களூர் விவேக் நகரில் பஞ்சர் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இயங்கும் ஒரு சின்ன டிரஸ்ட்டில் வேலை. வாடகைக் குடும்பங்கள் வீட்டை இழந்து தெருவுக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்ட டிரஸ்ட். அடையாள அட்டையில் அவருடைய பதவி ஆங்கிலத்தில் இரண்டு வரிக்கு நீள்கிறது. கேட்டால், "காலி பண்ணுன்னு ஓனர் சொல்வாரு. பண்ணாம நான் பாத்துக்குவேன். அவ்ளோதான்" என்கிறார்.

வாடகை பாக்கி விவகாரங்களை மற்றவர்கள் கவனிக்கிறார்கள். காந்தாவிடம் வருபவை வேறு வகை. மாடிப்படியில் செருப்பு. கருவாட்டு வாசனை. அணைக்க மறந்த மோட்டார். ஓனர் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டாவது ஐஸ்கிரீம் கேட்டது. "வாடகை குடுக்காதவன மன்னிச்சுடுவாங்க. செருப்ப மன்னிக்கவே மாட்டாங்க" என்பது அவருடைய அனுபவம்.

அவருடைய முறை எளியது. கோபம் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. வீடு மாற ஆகாத மாதம் ஒன்றைக் காட்டி அந்த ஒரு மாதத்தைத் தள்ளிவிட வேண்டும். கன்னட ஓனர் என்றால் ஆஷாடம், தமிழர் என்றால் ஆடி. கிறிஸ்தவருக்குத் தவக்காலம், முஸ்லிமுக்கு ரம்ஜான். ஆஷாடம் முடிந்த பிறகும் ஆடி கொஞ்சம் மிச்சமிருப்பதைப் பெங்களூரின் தனிச்சிறப்பாகக் கருதுகிறார். ஒரு கன்னட ஓனரிடம், குடியிருப்பவர்கள் தமிழர்கள் என்று சொல்லி அந்த மிச்சத்தையும் வாங்கியிருக்கிறார்.

இதில் எதையும் அவர் நம்புவதில்லை. நீலசந்திராவில் அப்பா காலத்திலேயே பௌத்தரான குடும்பம். வீட்டில் காலண்டர் கிடையாது. "நமக்கு எதுக்கு? அவங்க நம்பறாங்க இல்ல, அது போதும்."

அலுவலகத்தில் அவரால் ஒரு சங்கடம் உண்டு. நிதி தருபவர்களுக்கு அறிக்கை எழுதும் நிருபமா, உதவிக்கு முன், உதவிக்குப் பின் என்று இரண்டு படங்கள் கேட்பார். காந்தா எடுத்துவரும் இரண்டிலும் அதே குடும்பம் அதே வீட்டின் முன் நிற்கும். சில சமயம் சட்டையும் அதே சட்டை.

"காந்தா, இதுல என்ன சேஞ்ச் தெரியுது?"

"ஒண்ணுமே தெரியல இல்ல மேடம்? அதான்."

வான்கோழி விவகாரம் இந்த வருஷம் ஆனி கடைசியில் வந்தது. ஆட்டோ ஓட்டும் டேரிலும் அவர் மனைவி சோனியாவும் இரண்டு பிள்ளைகளோடு, சுந்தரேசன் என்பவர் வீட்டு மொட்டை மாடி அறையில் குடியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் குலுக்கலில் டேரிலுக்கு வான்கோழி விழுந்தது. "வெட்டலாம்னுதான் இருந்தோம் அக்கா. அதுக்குள்ள புள்ளைங்க பேரு வெச்சுடுச்சுங்க. பேரு வெச்சத எப்படி வெட்டறது?" என்றார் சோனியா. பெயர், கமிஷனர். நெஞ்சை நிமிர்த்தி நடப்பதால்.

சுந்தரேசன் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் வெளியே கிளம்பும்போது கேட்டருகே அவருக்கு ஒரு தும்மல் வரும். ஒன்றுதான், இரண்டாவது வராது. ஆனால் தெருமுனைவரை கேட்கும். வான்கோழிகளுக்குப் பெரிய சத்தம் கேட்டால் பதில் சொல்லும் சுபாவம் உண்டு. சுந்தரேசன் தும்மியதும் மாடியிலிருந்து கமிஷனர் கழுத்தை நீட்டிக் களகளவென்று பதில் சொல்வார். சுந்தரேசன் மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் சோனியா சிரித்துவிட்டார்.

கோழியை விற்றுவிடுவதாக டேரில் கெஞ்சினார். "கோழி போயிடும்பா. அந்தம்மா சிரிச்சது போயிடுமா?" என்றார் சுந்தரேசன்.

வேறு வீடு பிடிக்க டேரிலிடம் அட்வான்ஸ் இல்லை. காலி செய்தால் ஆட்டோதான் வீடு. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், ஒரு கமிஷனர்.

காந்தா போய் காலண்டருக்கு எதிரே உட்கார்ந்து, ஆடி பிறக்கப்போவதைக் கண்டுபிடித்தார்.

"அவங்க கிறிஸ்டியன்ஸும்மா. அவங்களுக்கு ஏது ஆடி?"

"அவங்களுக்கு இல்ல சார், வீட்டுக்கு இருக்கே. வீடு உங்களுதுதான? ஆடி மாசத்துல காலியா பூட்டிப் போட்டா நல்லாவா இருக்கும்?"

சுந்தரேசன் ஆடியைக் கொடுத்தார். ஆனால் இந்த முறை கோபம் ஆறவில்லை. தினமும் தும்மல், தினமும் பதில். கோபம் காலைதோறும் புதிதாக வந்தது.

ஆவணியில் காந்தாவிடம் சரக்கு கிடையாது. எல்லாரும் கல்யாணம் செய்யும், பால் காய்ச்சும் மாதம். அவர் போனபோது சுந்தரேசன் காலண்டரையே ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்திருந்தார். சோனியா மாடிப்படியில் பாத்திர மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா காந்தா. நாளைக்கு வளர்பிறை, முகூர்த்தம். இப்ப சொல்லு, பாப்போம்."

"ஸ்வல்ப பொறுங்க சார்" என்று காந்தா தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். சுந்தரேசனின் மனைவி ரமா கொண்டுவந்தார். அதையும் மெதுவாகக் குடித்தார்.

"நாளைக்குக் காலைல அவங்க..." என்று ஆரம்பித்த சுந்தரேசனுக்குத் தும்மல் வந்துவிட்டது.

மாடியிலிருந்து கமிஷனர் பதில் சொன்னார்.

காந்தா டம்ளரைக் கீழே வைத்தார். "ஒத்தத் தும்மல் சார். சொல்லச் சொல்லவே வந்துடுச்சு. ஆகாது."

"ஒத்தையா? ரெண்டும்மா, ரெண்டு!"

"ரெண்டாவது யாரு சார்?"

"அதான் மேல போட்டுச்சே" என்று சுந்தரேசன் விரலை உயர்த்தினார். விரல் அப்படியே நின்றது.

ரமாதான் பேசினார். "அதானா விஷயம்? முன்னெல்லாம் கேட் கிட்ட தும்மிட்டு, ஒத்தத் தும்மல் ஆகாதுன்னு திரும்பி வருவீங்க. உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடி கெளம்புவீங்க. கிறிஸ்மஸ்லேருந்து அது நின்னு போச்சு. நான் கோவத்துல போறீங்கன்னு இல்ல நெனச்சேன்!"

"நீ சும்னே இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். உங்களுக்கு ரெட்டைத் தும்மல் போட ஆள் வெச்சிருக்கீங்க. அத காலி பண்ணச் சொல்றீங்க."

காந்தா காலி டம்ளரை எடுத்து இன்னொரு முறை குடித்தார்.

சுந்தரேசன் காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டினார். அது நேராகத் தொங்குகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, புரட்டாசி வரட்டும். பாக்கலாம்" என்றார். புரட்டாசியில் யாரும் வீடு மாறமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

மறுவாரம் 'பின்' படம் எடுக்கக் காந்தா காலையிலேயே போனார். குடும்பம் மாடிக் கைப்பிடிச் சுவரோரம், 'முன்' படத்தில் நின்ற அதே இடத்தில் நின்றது. பக்கத்தில் கமிஷனர் சோளம் வைத்த தட்டுக்குள் தலையை விட்டிருந்தார். காந்தா தெருவில், டேரிலின் ஆட்டோவுக்குப் பின்னால் நின்று போனைச் சரிசெய்தார்.

சுந்தரேசன் காய்கறிப் பையோடு வெளியே வந்தார். கேட்டருகே தும்மினார்.

பதில் இல்லை.

கொண்டியில் கையை வைத்தபடி நின்றார். மாடியைப் பார்த்தார். கமிஷனர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோனியா காலால் தட்டை மெல்லத் தள்ளிப் பார்த்தார்; கமிஷனரும் தட்டோடு நகர்ந்தார். சுந்தரேசனின் கை கொண்டியிலிருந்து நழுவியது. வீட்டுப் பக்கம் திரும்பினார்.

ஆட்டோவுக்குப் பின்னால் காந்தா முந்தானையை வாயருகே குவித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, களகளவென்று கூவினார்.

கேட் திறந்தது. சுந்தரேசன் பையை வீசிக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்தார்.

மாடியில் நான்கு முகங்களும் வெடிக்கத் தயாராக இருந்தன. காந்தா முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, ஒரு கையால் போனை உயர்த்தி, மறு கையின் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.